ஐந்தாம் திகதி காணாமற்போன காசோலைகள்: புறக்கோட்டைக் கடையொன்று ஆக்செஸ் கற்ற விதம்

2024 ஜூன் 5, புதன்கிழமை காலை. கொழும்பு புறக்கோட்டை நாலாம் குறுக்குத் தெருவில் செத்தல் மிளகாய், பருப்பு, கொத்தமல்லி மொத்தமாக விற்கும் ஒரு கடை. கணக்குப்பிள்ளை, மைக்ரோசொஃப்டின் தரவுத்தள மென்பொருளான ஆக்செஸில் செய்த படிவத்தில் ‘இன்று வங்கியில் போட வேண்டியவை’ என்ற பொத்தானை அழுத்தினார். பட்டியல் வெறுமையாக வந்தது.

“தம்பி, இண்டைக்கு ஒரு செக்கும் இல்லையெண்டு காட்டுது. பெட்டிக்குள்ள கட்டாக் கிடக்கு.”

“நேற்றும் அப்பிடித்தான் அண்ணை. போன கிழமை சரியா வந்ததே!”

மறுநாள், 6ஆம் திகதி, பட்டியல் பிழையில்லாமல் வந்தது. கணினியை ஒருமுறை நிறுத்திப் போட்டதில் சரியாகிவிட்டது என்று இருவரும் விட்டுவிட்டார்கள். 7ஆம் திகதி பட்டியலில் மூன்று காசோலைகள் இருந்தன. வங்கிக்குப் புறப்படும்போது கணக்குப்பிள்ளை அவற்றைப் புரட்டிப் பார்த்தார். மூன்றிலும் எழுதியிருந்த திகதி ஜூலை 6. போட்டிருந்தால் திகதி வரவில்லை என்று வங்கி திருப்பியிருக்கும். கட்டணத்தைக் கட்டிவிடலாம், வாடிக்கையாளரிடம் சொல்ல ஒரு நியாயமும் இருந்திருக்காது.

இந்தப் பிழை கடைக்குள் வந்தது ஒரு நல்ல பாடத்தின் வழியாக. அந்தப் பாடத்தில் ஒரு வரியும் தவறில்லை. ஆக்செஸ் கற்க வளம் போதாது என்று கொழும்பில் பலர் சொல்வார்கள். இந்தக் கடையில் வளம் போதுமான அளவு இருந்தது. எதை முதலில் எடுப்பது, எது எந்த நாட்டுக்காக எழுதப்பட்டது என்று பார்க்காததுதான் குறை.

கையில் இருந்தவை

கடையில் மூன்று கணினிகள். பாவிப்பவர்கள் இரண்டு பேர். கணக்குப்பிள்ளைக்குக் கடன் கொப்பியும் காசோலை வழக்கமும் தலைகீழ்ப் பாடம், கணினியில் எக்செல் மட்டும் தெரியும். தம்பி உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் படித்தவர். முதன்மைச் சாவி, அந்நியச் சாவி, இயல்பாக்கம் என்ற தரவுத்தளப் பாடமெல்லாம் பரீட்சைக்கு எழுதியிருக்கிறார், உண்மையான கொப்பி ஒன்றை அட்டவணையாக்கிப் பழக்கமில்லை.

கற்க எடுத்தவை இரண்டு. ஒன்று, அமெரிக்கர் ஒருவர் ஆங்கிலத்தில் செய்த காணொளித் தொடர். மற்றது, ஆக்செஸுடன் வரும் ஆயத்த வார்ப்புரு ஒன்று. இரண்டும் படிவத்திலிருந்து தொடங்குகின்றன. நிறம், பொத்தான், தேடல் பெட்டி என்று மூன்றே நாளில் திரையில் அழகான ஒன்று வந்துவிட்டது. அதன் அடியில் இருந்த அட்டவணை எக்செல் தாளின் நகல்: பில் இலக்கம், வாடிக்கையாளர் பெயர், தொகை, செக் 1, செக் 2, செக் 3.

இதை எல்லாக் கடைகளிலும் காணலாம். முதலில் சொல்லித்தர வேண்டிய இடமும் இதுதான். நான்காவது காசோலையோடு ஒருவர் வந்தால் எழுத இடமில்லை. ஒரு காசோலையை மூன்று பில்லுக்குச் சேர்த்துக் கொடுத்தால் அதே இலக்கத்தை மூன்று வரியில் எழுத வேண்டும், கூட்டும்போது தொகை மூன்று மடங்காகும். எந்தப் படிவத்தாலும் இதைத் திருத்த முடியாது.

திகதிப் பிழை, கிட்ட நின்று பார்த்தால்

பொத்தானுக்குப் பின்னால் இருந்த வி.பி.ஏ. (ஆக்செஸுக்குள் நிரல் எழுதும் மொழி) வரி, படிவத்தில் காட்டிய இன்றைய திகதியை எடுத்து, இரு பக்கமும் # குறியிட்டு, அட்டவணையிலிருந்து வேண்டியதை மட்டும் கேட்டெடுக்கும் வினவலுக்குள் ஒட்டியது. காணொளியில் இருந்தது அப்படியே. அமெரிக்காவில் அது என்றும் பிழை விடாது. ஏனென்றால் # குறிகளுக்குள் வரும் திகதியை ஆக்செஸின் தரவு இயந்திரம் எப்போதும் மாதம், நாள், ஆண்டு என்ற ஒழுங்கில்தான் படிக்கும். விண்டோஸில் எந்த நாட்டைத் தெரிவு செய்திருந்தாலும் இது மாறாது.

நம் கணினியில் ஜூன் 5 என்பது 05/06/2024. அது #05/06/2024# ஆகப் போனதும் மே 6 ஆயிற்று. மே 6க்கு உரிய காசோலைகள் எப்போதோ வங்கிக்குப் போய்விட்டதால் பட்டியல் வெறுமை. ஜூன் 6இல் நாளும் மாதமும் ஒன்று, ஆகவே விடை சரி. ஜூன் 7 ஜூலை 6 ஆயிற்று. ஜூன் 13 வந்தால் 13ஆம் மாதம் என்று ஒன்று இல்லாததால் இயந்திரம் பேசாமல் நாளையும் மாதத்தையும் மாற்றிப் படித்துச் சரியான விடையைத் தந்துவிடும். எச்சரிக்கை எதுவும் வராது. மாதத்தின் முதல் 12 நாளில் மட்டும் பிழை விடும், மிச்ச நாளெல்லாம் ஒழுங்காக வேலை செய்யும். அந்த நிரல் மே மாதக் கடைசியில் பரிசோதிக்கப்பட்டது. அதனால்தான் தப்பியது.

இதைப் புரிந்துகொள்ள நாம் பரிந்துரைக்கும் பயிற்சிக்கு இரண்டு நிமிடம் போதும். வினவல் வடிவமைப்புத் திரையில் திகதிப் புலத்தின் கீழ் நிபந்தனைப் பெட்டியில் 05/06/2024 என்று தட்டுங்கள். அந்தப் பெட்டி விண்டோஸ் அமைப்பைப் பின்பற்றும், ஆகவே ஜூன் 5 என்றே எடுத்துக்கொள்ளும். இப்போது அதே வினவலை எழுத்து வரியாகக் காட்டும் எஸ்.கியூ.எல். பார்வைக்கு மாறுங்கள். அங்கே #6/5/2024# என்று நிற்கும். ஒரே திகதி, இரண்டு முகம். இதைத் தன் கண்ணால் கண்டவர் அந்தத் தவறை மறுபடி செய்வது அரிது.

திருத்த மூன்று வழி இருந்தன. இன்றைய திகதி மட்டும் தேவையென்றால் எதையும் ஒட்ட வேண்டாம். வினவலின் நிபந்தனையில் டேட் என்ற உள்ளமைந்த சார்பை எழுதினால் போதும், # குறியே வராது. பாவனையாளர் தட்டும் திகதி என்றால் அதை வினவலின் அளவுருவாக (ஓடும்போது வெளியிலிருந்து வாங்கும் பெறுமதியாக) அறிவித்து, அதன் வகையைத் திகதி என்று குறிக்க வேண்டும். நிரலில் ஒட்டியே ஆக வேண்டுமென்றால், ஒட்டுவதற்கு முன் ஃபார்மட் சார்பால் ஆண்டு-மாதம்-நாள் வரிசைக்கு மாற்ற வேண்டும். #2024-06-05# என்பதை இரண்டு விதமாகப் படிக்க இயலாது. கடையில் முதல் வழி எடுக்கப்பட்டது. கூடவே ‘இன்றைய திகதி’ என்ற நிபந்தனை ‘இன்றும் அதற்கு முன்னும், இன்னும் கையில் இருப்பவை’ என்று மாற்றப்பட்டது. ஒரு நாள் தவறினாலும் அடுத்த நாள் பட்டியலில் அந்தக் காசோலை எழுந்து நிற்கும்.

மூன்று கணினிகளில் ஒன்றின் பிராந்திய அமைப்பு அமெரிக்க ஆங்கிலமாக இருந்ததும் அப்போதுதான் தெரிந்தது. அதில் பதிவு செய்தவற்றுக்கு வினவலைத் திருத்தியது போதாது, அட்டவணைக்குள்ளேயே நாளும் மாதமும் மாறிக் கிடந்தன. காசோலையைக் கையில் வைத்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டுத்தான் திருத்த முடிந்தது. இனி இது நேராமல் இருக்க, திகதிப் புலத்தின் வடிவத்தை நாள், மாதத்தின் எழுத்துப் பெயர், நான்கு இலக்க ஆண்டு என்று வைத்தார்கள். 05/06 என்று தட்டி அடுத்த புலத்துக்குப் போனதும் மாதம் எழுத்தில் தெரியும், பிழையென்றால் கண் பிடித்துவிடும்.

அமெரிக்கக் காணொளிகள் இதைச் சொல்ல அங்கே தேவை எழுவதில்லை. சொன்னவர் அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரிலிருந்து ஆக்செஸ் குறிப்புகளை இலவசமாக எழுதிவைத்த அலன் பிரவுன். அங்கும் நம்மைப் போல நாள்தான் முன்னே. சர்வதேசத் திகதிகள் பற்றிய அவருடைய குறிப்பு ஒன்றிரண்டு பக்கம்தான், கொழும்பில் ஆக்செஸ் தொடும் எவரும் நிரல் எழுதும் முன் அதைப் படிக்க வேண்டும். எந்த நாட்டு ஆசிரியர் என்பதை இப்படிப் பார்த்தெடுப்பது வீண் நுணுக்கம் இல்லை.

மீண்டும் முதலிலிருந்து: அட்டவணை

இரண்டாம் முறை கணினியை மூடிவைத்துவிட்டு சீ.ஆர். கொப்பியில் தொடங்கினார்கள். பாடநூலாக எடுத்தது கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தமிழ் மொழிமூல சாதாரண தரத் தகவல் தொடர்பாடல் தொழினுட்ப நூல். பிள்ளைகளின் புத்தகம் என்று ஒதுக்க வேண்டாம். அட்டவணை, புலம், பதிவு, முதன்மைச் சாவி, அந்நியச் சாவி, வினவல் ஆகியவை இலங்கை வழக்குச் சொற்களில் சில பக்கங்களுக்குள் அடங்கியிருக்கின்றன. கணக்குப்பிள்ளையும் தம்பியும் ஒரே சொல்லால் ஒரே பொருளைப் பேச அதுவே கைகொடுத்தது. ஒருவர் ‘வரி’ என்றும் மற்றவர் ‘ரெக்கோர்ட்’ என்றும் சொல்லிக்கொண்டிருந்தவரை பாதி நேரம் விளக்கத்திலேயே போனது.

கணினியில் செய்து காட்டும் தமிழ்ப் பாடம் வேண்டுமென்றால் மும்பை ஐ.ஐ.டி.யின் ஸ்போக்கன் டியூட்டோரியல் திட்டத்தில் ஆக்செஸ் போன்ற இன்னொரு தரவுத்தள மென்பொருளான லிப்ரே ஆபிஸ் பேஸ் பற்றிய தொடர் இருக்கிறது. அது ஒரு நூலகத்தை எடுத்துக்காட்டாக வைத்து நடக்கிறது: புத்தகம், உறுப்பினர், இரவல். பேஸ் இலவசம், ஆக்செஸில் அதே பொத்தான்கள் இருக்காது. ஆனால் இரவல் கொடுத்த நாள், திரும்ப வேண்டிய நாள், திரும்பிய நாள் என்ற அமைப்பு காசோலைக்கு அப்படியே பொருந்துகிறது: வாங்கிய நாள், போட வேண்டிய நாள், போட்ட நாள். அட்டவணையைச் சிந்திக்கக் கற்க மென்பொருள் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

பிறகு நார்த்விண்ட். மைக்ரோசொஃப்ட் பல வருடமாக ஆக்செஸுக்குக் கொடுத்துவரும் மாதிரித் தரவுத்தளம் இது, உணவுப் பொருள் விற்கும் கற்பனைக் கம்பனியின் கணக்கு. மொத்த வியாபாரக் கடைக்கு இதைவிட நெருங்கிய மாதிரி கிடைக்காது. புதிய பதிப்பில் ஸ்டார்ட்டர், டெவலப்பர் என இரு வடிவங்கள் உண்டு. முதலில் ஸ்டார்ட்டர் போதும். அதன் படிவங்களைப் பார்க்கும் முன், அட்டவணைகளின் தொடர்பைக் கோடுகளால் காட்டும் உறவுகள் சாளரத்தைத் திறந்து, ஒவ்வொரு கோட்டின் முனையிலும் 1 (ஒன்று) எது, முடிவிலிக் குறி (பல) எது என்று கொப்பியில் வரைந்தார்கள்.

வாடிக்கையாளர் கொடுக்கும் ஒரு கட்டளையில் (ஆர்டரில்) பல பொருள் இருக்கலாம், ஒரு பொருள் பல கட்டளையில் வரலாம். இரண்டையும் நேரே இணைக்க முடியாததால் நடுவில் கட்டளை விவரம் என்ற அட்டவணை நிற்கிறது, அளவும் விலையும் அதில்தான் எழுதப்படுகின்றன. தம்பி இதைப் பார்த்த இடத்திலேயே செக் 1, செக் 2, செக் 3 என்ற சிக்கல் அவிழ்ந்தது. ஒரு பில்லுக்குப் பல காசோலை, ஒரு காசோலைக்குப் பல பில். நடுவில் ‘தீர்வு’ என்று ஓர் அட்டவணை: எந்தக் காசோலை, எந்தப் பில், அதற்குக் கழித்த தொகை. 300,000 ரூபாய்க் காசோலை மூன்று பில்லுக்கு 120,000, 100,000, 80,000 எனப் பிரிந்தால் தீர்வில் மூன்று வரி, காசோலையில் ஒரே வரி. கூட்டினால் தொகை இரட்டிக்காது.

காசோலை அட்டவணையின் புலங்களில் சில முடிவுகளை எந்தப் பாடமும் சொல்லித் தராது, இங்குள்ள காசோலையைப் பார்த்தே எடுக்க வேண்டும். காசோலை இலக்கம், நான்கு இலக்க வங்கிக் குறி, மூன்று இலக்கக் கிளைக் குறி மூன்றும் எழுத்து வகையில் இருக்க வேண்டும். எண் வகையில் வைத்தால் 004512 வெறும் 4512 ஆகும், 003 என்ற கிளை 3 ஆகும். கூட்டவோ கழிக்கவோ போகாத இலக்கம் எண் அல்ல, அது பெயர். தொகைக்குக் கரன்சி வகை. டபிள் என்ற தசம எண் வகையில் சதங்கள் நுண்ணியதாகப் பிசகி, சமமாக வேண்டிய இரண்டு கூட்டுத்தொகைகள் சமமில்லை என்று வரும். ஒரே காசோலையை இருமுறை பதிவதைத் தடுக்கும் தனித்துவச் சுட்டியில் வங்கி, கிளை, கணக்கிலக்கம், காசோலை இலக்கம் நான்கும் சேர வேண்டும். காசோலை இலக்கத்தை மட்டும் வைத்தால் வேறு வாடிக்கையாளரின் அதே இலக்கக் காசோலையை ஆக்செஸ் ஏற்க மறுக்கும்.

போயா என்ற பௌர்ணமி விடுமுறை நாளுக்கு ஓர் அட்டவணை தனியாக. 2024 ஜூன் 21 பொசன் போயா, வெள்ளிக்கிழமை. அந்தத் திகதியிட்ட காசோலை திங்கள் 24இல்தான் வங்கிக்குப் போகும். ஒவ்வோர் ஆண்டும் புதிய பட்டியல் வந்ததும் திகதிகளைத் தட்டிவிட வேண்டும், கணித்துக்கொள்ள முயல வேண்டாம்.

வெறுமை என்ற பொறி

திகதி சரியான பிறகும் சில காசோலைகள் பட்டியலில் வரவில்லை. ‘நிலை’ என்ற புலத்தில் ‘போட்டது’, ‘திரும்பியது’ என்று எழுதுவார்கள். புதிதாக வாங்கியவற்றுக்கு ஒன்றும் எழுதுவதில்லை. மாற்றிய வினவல் கேட்டது ‘போட்டது அல்லாதவை’. வெறுமையாக இருப்பது போட்டது அல்லதானே என்று நாம் நினைப்போம். தரவு இயந்திரத்துக்கு வெறுமை என்பது ‘தெரியாது’. தெரியாததைப் போட்டதோடு ஒப்பிட்டால் விடையும் தெரியாது, தெரியாத வரிகளை வினவல் தராது. புதிய காசோலைகள் முழுவதும் இப்படி விழுந்துபோயின.

நிலைப் புலத்தைக் கட்டாயமாக்கி, இயல்புப் பெறுமதியாகக் ‘கையில்’ என்று வைத்ததும் அது தீர்ந்தது. பழைய வெற்று வரிகளை ஒரு புதுப்பிப்பு வினவலால் நிரப்பினார்கள், அதற்கு முன் கோப்பை நகலெடுத்து வைத்தார்கள். புதுப்பிப்பு வினவலை ஓடவிட்டால் மீட்க வழியில்லை என்பதை எல்லாப் பாடமும் சொல்கிறது, ஆனால் ஏழாவது எட்டாவது பாடத்தில்தான் சொல்கிறது.

தமிழ் எழுத்து

ஆக்செஸ் அட்டவணைகள் யுனிகோட் தமிழை நன்றாகத் தாங்கும். தடை இரண்டு இடத்தில். வி.பி.ஏ. எழுதும் சாளரம் யுனிகோட் அறியாதது. அதற்குள் தமிழில் ஓர் எச்சரிக்கை வாசகத்தை ஒட்டினால் கேள்விக்குறிகளாக மாறிவிடும், திரையிலும் கேள்விக்குறிகளே வரும். வாசகங்களை ஓர் அட்டவணையில் இலக்கத்தோடு எழுதி, நிரல் இலக்கத்தால் தேடி எடுத்து, சிறிய படிவம் ஒன்றில் காட்ட வேண்டும். புலங்களுக்கும் அட்டவணைகளுக்கும் இடைவெளியில்லாத ஆங்கிலப் பெயரே நல்லது, திரையில் தெரியும் தலைப்பைத் தமிழில் வைக்கலாம். புலத்துக்கு ‘டேட்’, ‘நேம்’ போன்ற பெயர்களை வைக்கவே கூடாது. அவை ஆக்செஸின் சொந்தச் சொற்கள், பிழை எங்கே என்று தேடியே ஒரு நாள் போகும்.

மற்றது பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துரு. அதைப் பின்னால் சொல்கிறோம்.

இறக்கிய கோப்புகளும் பகிர்ந்த கோப்பும்

வலையில் கிடைக்கும் மாதிரிக் கோப்பு திறக்கவில்லையென்றால் காரணம் பெரும்பாலும் மூன்றில் ஒன்று. 2022இலிருந்து இணையத்தில் இறக்கிய ஆபிஸ் கோப்புகளின் மேக்ரோக்களை (கோப்புக்குள் இருக்கும் நிரல்களை) மைக்ரோசொஃப்ட் தடுத்துவருகிறது. நம்பத்தகுந்த இடத்திலிருந்து வந்ததென்றால் கோப்பின் பண்புகள் சாளரத்தில் தடையை நீக்கும் பெட்டியைக் குறியிட வேண்டும். சிப் கோப்பாக வந்தால் விரிக்கும் முன்பே அதைச் செய்துவிடலாம். ஆக்செஸ் 97 காலத்துக் கோப்பு என்றால் 2013 பதிப்பும் அதற்குப் பின்னரானவையும் திறக்கா. 32 பிட் காலத்து நிரலில் விண்டோஸ் சார்புகளை அழைக்கும் அறிவிப்புகள் இருந்தால், 64 பிட் ஆக்செஸ் அவற்றைத் திருத்தச் சொல்லி நிற்கும். ஒரு பாடத்தைத் தொடங்கும் முன் அது எந்தப் பதிப்புக்கு, எத்தனை பிட்டுக்கு என்று பார்க்க அரை நிமிடம் போதும்.

வாங்கும்போதும் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வீட்டுப் பாவனைக்கான ஆபிஸ் 2021 பொதியில் ஆக்செஸ் இல்லை. கொழும்பின் கணினிக் கடைத் தொகுதியான யூனிட்டி பிளாசாவில் ‘ஆபிஸ் போட்டுத் தாங்கோ’ என்று மட்டும் சொன்னால் எக்செலும் வேர்டும் வரும். வடிவமைக்கும் ஒரு கணினிக்கு முழு ஆக்செஸ் வேண்டும், பதிவு மட்டும் செய்யும் மற்றவற்றுக்கு ஆயத்தக் கோப்பை ஓட்ட மட்டும் உதவும் இலவசமான ஆக்செஸ் ரன்டைம் போதும்.

மூன்று கணினிகளிலும் ஒரே கோப்பைத் திறந்து வேலை செய்ததால் அது இருமுறை பழுதானது. தரவுத்தளத்தைப் பிரிக்கும் வழிகாட்டி ஆக்செஸிலேயே இருக்கிறது. அட்டவணைகள் மட்டும் உள்ள பின்பகுதிக் கோப்பு பிரதான கணினியில், படிவங்கள் உள்ள முன்பகுதிக் கோப்பு ஒவ்வொரு கணினியிலும் தனித்தனி நகலாக. இணைப்பு கேபிள் வழியேதான். வைஃபை ஒரு கணம் விட்டுப்போனாலும் எழுதிக்கொண்டிருக்கும் கோப்பு உடையக்கூடும். மின்தடைக்கு யு.பி.எஸ்., அதில் கணினியோடு வலையமைப்புச் சுவிட்சையும் இணைக்க வேண்டும் என்பதைப் பலர் மறக்கிறார்கள். மாலையில் எல்லோரும் வெளியேறியதும், பின்பகுதிக் கோப்பு திறந்திருக்கும்வரை அதன் அருகே தோன்றும் பூட்டுக் கோப்பு மறைந்துவிட்டதா என்று பார்த்து நகலெடுக்க வேண்டும். ஆக்செஸ் கோப்பின் எல்லை 2 ஜிபி. காசோலைப் படங்களை உள்ளே இணைத்தால் சீக்கிரம் நிரம்பும். படத்தை ஒரு கோப்புறையில் போட்டு, அதன் பாதையை மட்டும் புலத்தில் எழுதினால் போதும்.

சோதனை வரிகள்

இப்போது அந்தக் கடையில் எந்த வினவலைத் தொட்டாலும், முதலில் சோதனை நகலில் ஓடவிடுகிறார்கள். அதில் எட்டே காசோலைகள்: ஜூன் 5, மே 6, ஜூன் 6, ஜூன் 13, போயா நாளில் ஒன்று, சனிக்கிழமையில் ஒன்று, நிலை எழுதாதது ஒன்று, மூன்று பில்லுக்குப் பிரிந்தது ஒன்று. எது எந்த நாளில் வர வேண்டும் என்று கணக்குப்பிள்ளை கையால் எழுதிய தாள் கணினிக்கு மேலே ஒட்டியிருக்கிறது. நிலை எழுதாததை உண்மைக் கோப்பு இனி ஏற்காது என்றாலும் சோதனையிலிருந்து அதை எடுக்கவில்லை.

மிச்சமிருப்பது பாமினி. பழைய எக்செல் தாள்களில் வாடிக்கையாளர் பெயர்கள் பாமினி எழுத்துருவில் தட்டப்பட்டவை. எழுத்துரு இருந்தால்தான் தமிழாகத் தெரியும். கோப்புக்குள் இருப்பது ஆங்கில எழுத்துகளும் குறிகளுமே. அதனால் யுனிகோடில் தேடினால் அகப்படாது, அகர வரிசைக்கும் வராது. மாற்றிகள் பல கிடைக்கின்றன. ஆனால் ஒரே கலத்தில் பாமினியும் ஆங்கிலமும் கலந்திருந்தால் கடைப்பெயரின் ஆங்கிலப் பகுதியும் தமிழாகிச் சிதைந்துவிடும். ஆகவே மொத்தமாக மாற்றவில்லை. பழைய பெயரை ஒரு புலத்தில் அப்படியே வைத்து, பக்கத்தில் யுனிகோட் பெயருக்கு ஒரு வெற்றுப் புலம் சேர்த்திருக்கிறார்கள். அந்த வாடிக்கையாளருக்கு அடுத்த பில் போடும்போது கணக்குப்பிள்ளை பெயரைக் கேட்டு, சரிபார்த்துத் தட்டுகிறார். இன்னும் வெறுமையாக இருக்கும் பெயர்களின் பட்டியல் ஒவ்வொரு சனிக்கிழமையும் அச்சாகிறது.